ரிகாயில்: வெடிமருந்து மாற்றிய வினைச்சொல்

பாம்பைக் கண்டவர் சட்டென்று பின்னுக்குப் போவதை ஆங்கிலத்தில் ‘ரிகாயில்’ என்பார்கள். சுட்டதும் துப்பாக்கி தோளை உதைப்பதும் ரிகாயில். ஒருவன் செய்த சூது அவன் தலையிலேயே வந்து விடிந்தால் அதற்கும் இதே வினைச்சொல்தான். எழுத்தைப் பார்த்துப் பொருள் தேடுகிறவர்கள் இதை ‘ரி’, ‘காயில்’ என்று இரண்டாகப் பிரித்து, உள்ளே ஒரு சுருள்வில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இழுத்துவிட்ட ஸ்பிரிங் மறுபடி சுருண்டுகொள்கிறது, அதுதான் ரிகாயில் என்று விளக்கமும் கிடைத்துவிடுகிறது.

கேட்க நன்றாக இருக்கும் இந்த விளக்கம் உண்மையன்று. சுருள் என்று பொருள்படும் ‘காயில்’, திரட்டுதல், சேர்த்தல் என்ற பொருளுள்ள ‘கொல்லிகெரே’ என்னும் லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘கலெக்ட்’ என்ற சொல்லுக்கு அது உறவு. ரிகாயில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. கயிற்றைச் சுருட்டும் ‘காயில்’ ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ரிகாயில் அதற்குச் சில நூற்றாண்டுகள் மூத்தது.

ஆனாலும் பிழையான ஊகங்களுக்கு ஒரு வலிமை உண்டு. புல் வெட்டும் பிரஷ் கட்டரிலும் சிறிய ஜெனரேட்டரிலும் கயிற்றைப் பிடித்து இழுத்து எஞ்சினைக் கிளப்புகிறோமே, அந்தப் பகுதிக்கு ‘ரிகாயில் ஸ்டார்ட்டர்’ என்று பெயர். கயிற்றை விட்டதும் உள்ளிருக்கும் சுருள்வில் அதை இழுத்து மறுபடி சுற்றிவிடுகிறது. அந்தக் கருவியைக் கையாண்ட ஒருவரிடம் போய் ரிகாயிலுக்கும் சுருளுக்கும் உறவில்லை என்றால் அவர் ஏன் நம்பவேண்டும்?

சொல்லின் உண்மையான வேர் உடம்பில் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் ‘ரெக்யூலே’ என்றால் பின்னுக்குப் போதல், பின்னுக்குத் தள்ளுதல். அதில் ‘ரெ’ என்பது திரும்ப, பின்னால் என்று பொருள் தரும் முன்னொட்டு. மீதியுள்ள ‘க்யூல்’, லத்தீன் ‘கூலுஸ்’, அதாவது பிட்டம். பிட்டம் முன்னே செல்ல நடப்பதுதான் ரெக்யூலே. லத்தீனில் ‘கூலுஸ்’ சபையில் சொல்லத் தகுந்த சொல்லாக இருக்கவில்லை. கட்டுல்லுஸ், மார்ஷியல் போன்ற கவிஞர்கள் வசைக்கவிதைகளில் அதைத் தயங்காமல் கையாண்டார்கள், மேடைப்பேச்சாளர்கள் தொடமாட்டார்கள். இன்றைய பிரெஞ்சிலும் அது கொச்சைதான். ஆனால் ஒரு முன்னொட்டோ பின்னொட்டோ ஒட்டிக்கொண்டதும் கொச்சைத்தன்மை அதைவிட்டுப் போய்விடுகிறது. முட்டுச்சந்துக்கு ஆங்கிலேயர்கள் மதிப்பாகச் சொல்லும் ‘குல்-டி-சாக்’ இதே சொல்லால் ஆனது. பையின் அடி என்பது அதன் நேர்ப்பொருள்.

இந்தக் குடும்பத்தில் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கிக்கொள்ளும் பாலத்தைப் பொறியாளர்கள் ‘பேஸ்கியூல்’ பாலம் என்கிறார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல் ஏற்ற இறக்கப் பலகையைக் குறித்தது. ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கத்தில் இருப்பவரின் பிட்டம் தரையில் அடிக்கிறது. ‘அடி’ என்னும் வினையும் ‘க்யூல்’ என்னும் உறுப்பும் சேர்ந்த சொல் அது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நடுவில், இரண்டு கைகளாகப் பிரிந்து எழும்பிய ஷெர்சர் பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. 2025இல் திறந்த புதிய பாலம் வேறு வகை. அதன் நடுப்பகுதி நேராக மேலே உயர்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ராமேசுவரம் ரயில் ரிகாயிலின் ஒன்றுவிட்ட சகோதரன்மீது ஏறிப் போய்வந்திருக்கிறது.

இனி, அந்தப் பின்னடையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். ஒருவர் பிட்டம் முன்னே செல்ல நடக்கிறார் என்றால் அவர் முகம் எங்கே இருக்கிறது? எதை விட்டு விலகுகிறாரோ அதை நோக்கியே இருக்கிறது. வாளும் கேடயமும் ஏந்திச் சண்டையிட்ட காலத்தில் இது வெறும் நடையன்று, உயிர்காக்கும் உத்தி. எதிரியின் வீச்சு கடுமையாக இருக்கும்போது கேடயத்தை உயர்த்தி, கண்ணை அவன்மேல் வைத்து, ஒவ்வோர் அடியாகப் பின்னே வைப்பார்கள். முதுகைக் காட்டித் திரும்பினால் அந்தக் கணமே முடிவு. ஆக, இது புறமுதுகிடுதலுக்கு நேர் எதிரான செயல். ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ரிகாயில் இந்தப் பொருளோடுதான் வந்தது. படை ரிகாயில் ஆகிறது என்றால் அழுத்தம் தாங்காமல் பின்வாங்குகிறது. ஒரு படை இன்னொன்றை ரிகாயில் செய்கிறது என்றால் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. செயப்படுபொருள் ஏற்கும் இந்தப் பயன்பாடு அன்றைய ஆங்கிலத்தில் வாழ்ந்து, பிறகு அடியோடு மறைந்துவிட்டது. இன்று யாரும் யாரையும் ரிகாயில் செய்யமுடியாது.

இந்தப் பழைய ரிகாயிலில் நேரம் இருந்தது. எத்தனை அடி பின்வாங்குவது, எங்கே நிற்பது, எப்போது மறுபடி முன்னேறுவது என்று முடிவெடுக்க இடமிருந்தது. இன்றைய ரிகாயிலில் அது எதுவும் இல்லை. கண் இமைப்பதற்குள் நடந்துமுடிகிறது, நடப்பவரின் சம்மதத்தைக் கேட்பதில்லை. நிதானமான ஒரு நடை எப்படித் திடுக்கிட்ட அசைவாயிற்று? வெடிமருந்துதான் அந்த மாற்றத்தைச் செய்தது என்பது என் முடிவு.

16ஆம் நூற்றாண்டில் பீரங்கியின் பின்னுதைப்புக்கு இந்தச் சொல்லை ஆங்கிலேயர்கள் வைத்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் தெளிவு. பீரங்கியும் வாயை எதிரியின் பக்கம் வைத்தபடியே பின்னால் போகிறது. முகம் முன்னே, பிட்டம் பின்னே என்ற பழைய படம் சிறிதும் கலையவில்லை. ஆனால் வேகம் வேறு, விருப்பம் வேறு. குண்டு எவ்வளவு உந்தத்தோடு முன்னே பாய்கிறதோ அவ்வளவு உந்தம் குழலைப் பின்னே தள்ளுகிறது. நியூட்டன் இதை 1687இல் மூன்றாம் விதியாக எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே பீரங்கிக்காரர்கள் உடம்பால் இதை அறிந்திருந்தார்கள். துப்பாக்கிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 10 கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், 4 கிலோ எடையுள்ள துப்பாக்கி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். வெளியேறும் வாயுவையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதனால்தான் துப்பாக்கியின் ‘பட்’டைத் தோளில் இறுக்கி அழுத்தச் சொல்கிறார்கள். ‘பட்’ என்ற அந்தச் சொல்லும் தடித்த பின்முனையைக் குறிப்பது. பிட்டத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயருக்கு இனமானது. மூலச்சொல்லில் மறைந்துபோன உறுப்பு வேறொரு பெயரில் தோளருகே வந்து நிற்கிறது.

மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. இரண்டு பொருளும் ஒரே காலத்தில் ஒரே எழுத்தாளரிடம் அருகருகே இருந்தன. ‘மேக்பெத்’ நாடகத்தில் மால்கம், நல்ல இயல்புள்ளவனும் அரசனின் ஆணைக்கு முன்னால் வழுவிவிடக்கூடும் என்று மேக்டஃபிடம் பேசும் இடத்தில் இந்த வினை வருகிறது. ஆணை என்ற பொருளில் அங்கே வரும் ‘சார்ஜ்’, பீரங்கியில் திணிக்கும் மருந்துக்கும் பெயர். ஷேக்ஸ்பியரின் காதில் இரண்டும் ஒலிக்காமல் இருந்திருக்கமுடியாது.

இதைவிடத் தெளிவான சான்று மில்டன். 1667இல் வெளிவந்த ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் ஆறாம் பகுதியில், அப்தியேல் என்னும் வானவன் ஓங்கிய அடியில் சாத்தான் பத்து அடி பின்வாங்குகிறான். பத்தாவது அடியில் முழங்கால் மடங்குகிறது. அங்கே ரிகாயில் பழைய போர்வீரனின் சொல். அடியை எண்ணமுடிகிறது. அதே காவியத்தின் நான்காம் பகுதியில் சாத்தான் ஏதேனை நெருங்கும்போது, அவன் தீட்டிய சதி நெஞ்சுக்குள் கொதித்து அவன்மேலேயே திரும்புகிறது. மில்டன் அதைப் பேய்ப்பொறி ஒன்று பின்னுதைப்பதாகச் சொல்கிறார். அவர் பொறி என்றது பீரங்கியை. ஆறாம் பகுதியில் அந்தப் பீரங்கியையே சாத்தானின் கண்டுபிடிப்பாகவும் காட்டுகிறார். எண்ணமுடிந்த அடியும் எண்ணமுடியாத உதையும் ஒரே காவியத்தில் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. சூது செய்தவனையே திருப்பித் தாக்கும் என்ற இன்றைய உருவகப் பொருளும் இங்கே முழுவடிவில் நிற்கிறது.

போர்க்கப்பல்களில் இந்த உதைக்கு ஒரு பயனும் இருந்தது. டிரஃபால்கரில் 1805இல் போரிட்ட ‘விக்டரி’ கப்பலின் கீழ்த்தளப் பீரங்கிகள் 32 பவுண்டு குண்டு எறிபவை. ஒவ்வொன்றும் இரண்டரை டன்னுக்கு மேல் எடை. சுட்டதும் சக்கரவண்டியோடு உள்ளே ஓடிவரும். கப்பல் சுவரில் கட்டிய தடித்த வடம் அதைப் பிடித்து நிறுத்தும். வாய்வழியே மருந்து திணிக்கும் பீரங்கி என்பதால், உள்ளே வந்தால்தான் அடுத்த குண்டை ஏற்றமுடியும். அந்த வேலையைப் பின்னுதைப்பே செய்துகொடுத்தது. வடம் அறுந்தால் அருகில் இருந்தவர்கள் நசுங்கினார்கள்.

தரையில் பீரங்கி ஒவ்வொரு வெடிக்கும் இடம் பெயர்ந்தது. மறுபடி தள்ளிவந்து குறிபார்க்கவேண்டும். இந்தத் தொல்லையைப் பிரெஞ்சுக்காரர்களின் 75 மில்லிமீட்டர் பீரங்கி, 1897ஆம் ஆண்டு மாதிரி, தீர்த்துவைத்தது. குழல் மட்டும் எண்ணெயும் அழுத்தக் காற்றும் அடைத்த உருளையை எதிர்த்துப் பின்னே வழுக்கிப்போய், தானாகவே முன்னே திரும்பும், வண்டி அசையாது. நிமிடத்துக்கு 15 குண்டு எறிய முடிந்தது. அதற்குமுன் 1884இல் ஹைரம் மாக்சிம் தன் இயந்திரத் துப்பாக்கியில் அந்த உதையையே கூலியாளாக்கிவிட்டார். சுட்ட குண்டின் பின்னுதைப்பு வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றியது. 1893இல் ஆப்பிரிக்காவில் மட்டபேலே வீரர்கள்மீது அந்த இயந்திரத் துப்பாக்கி திருப்பப்பட்டது. ஒருகாலத்தில் பின்வாங்கி உயிர்பிழைக்கும் அசைவைக் குறித்த சொல், எதிரே வந்தவர்கள் பின்வாங்கவும் நேரமில்லாமல் விழுந்த ஆயுதத்தின் அடிப்படைத் தத்துவத்துக்குப் பெயராயிற்று. இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்.

உதையே இல்லாத பீரங்கியும் வந்தது. இந்திய ராணுவத்தில் அதை ‘ஆர்.சி.எல். கன்’ என்பார்கள்; ‘ரிகாயில்லெஸ்’ என்பதன் சுருக்கம். வெடிவாயுவின் ஒரு பகுதியைப் பின்பக்கம் திறந்துவிடுவதால் முன்னும் பின்னும் உந்தம் சமமாகிறது. அதனால் கனமான தாங்குவண்டி வேண்டியதில்லை, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகலாம். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் அசல் உத்தாரில் ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் ஆர்.சி.எல். கொண்டு பல பேட்டன் டாங்குகளை உடைத்து, அங்கேயே உயிர்நீத்தார். மறைவுக்குப் பின் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. இந்தத் துப்பாக்கியின் குறை அதன் நிறையிலேயே இருக்கிறது. பின்னால் பீறிடும் தீயும் புழுதியும் சுடுபவர் இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு ஜீப்பை வேறு மறைவுக்கு நகர்த்தவேண்டும். பீரங்கி செய்த இடப்பெயர்ச்சியை இப்போது மனிதர் செய்தாகவேண்டியதாயிற்று.

கடிகாரக்காரர்களும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பழைய ஊசல் கடிகாரத்தில் பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் நங்கூரவடிவ உறுப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் சக்கரத்தை மயிரிழை பின்னே தள்ளும். நொடிமுள் ஒவ்வோர் அடியும் சற்றுப் பின்வாங்கி முன்செல்வதைக் கண்ணால் காணலாம். அதற்கும் பெயர் ரிகாயில். லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் 1715 வாக்கில் திருத்திய அமைப்பில் அது நீங்கியது.

அணுவுக்குள் போனபோது சொல்லில் உடம்பும் இல்லை, இரும்பும் இல்லை. ஆல்ஃபா துகளை உமிழும் அணுக்கரு அந்த வேகத்தில் பின்னே எறியப்படுகிறது. பெர்லினில் ஓட்டோ ஹானும் லீஸ் மைட்னரும் 1909இல், அப்படித் தெறித்துவிழும் அணுக்களை எதிரே ஒரு தகட்டில் பிடித்து, கதிரியக்கப் பொருள்களைப் பிரித்தெடுக்கும் முறையை உருவாக்கினார்கள். காமா கதிரை உமிழும் அணுக்கருவும் பின்னுதைபடும். அந்த உதையில் கொஞ்சம் ஆற்றல் செலவாகிவிடுவதால், அதே இனத்தைச் சேர்ந்த இன்னோர் அணுக்கரு அந்தக் கதிரை ஏற்றுக்கொள்வதில்லை. 1958இல் ருடால்ஃப் மோஸ்பவர், அணு ஒரு படிகத்துக்குள் கட்டுண்டிருந்தால் சில வேளைகளில் உதையை முழுப் படிகமும் வாங்கிக்கொள்கிறது, அணுக்கரு ஏறத்தாழ அசைவதே இல்லை என்று காட்டினார். 1961இல், 32 வயதில், நோபல் பரிசு பெற்றார். உதையில்லாத இந்தக் கதிரின் துல்லியத்தைப் பயன்படுத்தி, ஹார்வர்டில் பவுண்டும் ரெப்காவும் 1960இல் வெறும் 22.5 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு விசை ஒளியின் அதிர்வெண்ணை மாற்றுவதை அளந்தார்கள். ஐன்ஸ்டைனின் கணிப்பு ஒரு கட்டடத்துக்குள்ளேயே சோதிக்கப்பட்டது. 2004இல் செவ்வாயில் இறங்கிய ‘ஆப்பர்ச்சூனிட்டி’ ஊர்தியிலும் மோஸ்பவர் கருவி இருந்தது. நீர் இருந்திருந்தால் மட்டுமே உருவாகக்கூடிய ஜரோசைட் என்னும் இரும்புக் கனிமத்தை அது அங்கே அடையாளம் கண்டது.

இன்று அன்றாட ஆங்கிலத்தில் இந்த வினை எந்த இடைச்சொல்லோடு சேர்கிறது என்பதைக் கவனித்தால் அதன் பாதி வரலாறு தெரிந்துவிடும். ‘அட்’ சேர்ந்தால் கண்முன் வந்த காட்சியோ நாற்றமோ காரணம், பெரும்பாலும் அருவருப்பு. ‘ஃப்ரம்’ சேர்ந்தால் ஒரு தொடுதலை, ஓர் எண்ணத்தை, ஒரு செயலை விட்டு மனம் விலகுகிறது. ‘ஆன்’ சேர்ந்தால் மில்டனின் பீரங்கி. செய்த வினை செய்தவர்மேல் திரும்புகிறது. மூன்றிலும் திட்டமிட்ட பின்வாங்கலுக்கு இடமில்லை. படைத்தலைவர் யோசித்துப் படையைப் பின்னே அழைத்தால் அது ‘ரிட்ரீட்’, ஒப்பந்தத்திலிருந்து விலகினால் ‘வித்டிரா’. இந்த இடங்களில் ரிகாயில் என்று எழுதினால் படித்தவர்கள் புருவம் உயர்த்துவார்கள்.

பக்கத்தில் நிற்கும் மற்றச் சொற்களிலும் ஒருகாலத்தில் முழு உடம்பு இருந்தது. வலியில் முகம் சுளிப்பதைக் குறிக்கும் ‘வின்ஸ்’, இடைக்காலத்தில் பொறுமையிழந்த குதிரை காலை உதறுவதைக் குறித்தது. கூசிக் குறுகுவதைச் சொல்லும் ‘கிரிஞ்ச்’ பழைய ஆங்கிலத்தில் போர்க்களத்தில் வீழ்ந்து மடிவது. ‘ஷ்ரிங்க்’ வாடிச் சுருங்குவது. குதிரையின் உதையும் வீரனின் சாவும் இப்போது முகத்தின் சிறு அசைவுகளாகிவிட்டன. ரிகாயில் மட்டும் இந்த வழியில் போகவில்லை. மற்றவை தேய்ந்து சிறுக்க, இது வெடிமருந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு பெருத்தது. ஒருவர் ரிகாயில் ஆனார் என்று படித்தால் இன்றும் முழு உடம்பும் பின்னே போவதைத்தான் காண்கிறோம்.

பிறந்தவீட்டில் இந்தச் சொல் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். பிரெஞ்சில் ‘ரெக்யூலே’ இன்னும் நிதானமாக நடக்கிறது. காரைப் பின்னால் எடுப்பதற்கும், குறித்த நாளைத் தள்ளிவைப்பதற்கும், கடல் பின்வாங்குவதற்கும் அதுவே. பீரங்கியின் உதைக்கு அங்கேயும் ‘ரெக்யூல்’தான் பெயர், இருந்தும் பீரங்கியால் சொல்லை முழுதாக வளைத்துக்கொள்ள முடியவில்லை. பாய்வதற்குமுன் பின்னே போவது நல்ல தாவலுக்கு என்று ஒரு பழமொழியும் அங்கே உண்டு. இன்னொரு பொருள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய ஓவியத்தை முழுதாகப் பார்க்க நாலடி பின்னே போகிறோமே, அந்த இடைவெளியையும் பிரெஞ்சில் ரெக்யூல் என்பார்கள். அங்கிருந்து அது மனத்துக்கும் சென்றது. ஒரு சண்டையையோ துக்கத்தையோ தள்ளி நின்று பார்ப்பது ‘ரெக்யூல் எடுத்துக்கொள்வது’. முகத்தை அதன்மேல் வைத்தபடி, பதற்றமில்லாமல், தெளிவாகப் பார்ப்பதற்காகப் பின்னே போகிற அந்தப் பழைய நடை இங்கே அப்படியே உயிரோடிருக்கிறது. ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர்கள் இதற்கு ரிகாயிலைப் பயன்படுத்தவே முடியாது. தொலைவு, கண்ணோட்டம் என்று வேறு சொற்களைத் தேடவேண்டியிருக்கிறது.

ஆங்கிலமும் ஒருமுறை இதன் அருகே வந்தது. ஷேக்ஸ்பியரின் ‘வின்டர்ஸ் டேல்’ நாடகத்தின் முதல் அங்கத்தில் அரசன் லியோன்டீஸ் தன் சிறுவயது மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த முகத்தின் கோடுகளில் தான் இருபத்து மூன்று ஆண்டுகள் பின்னே போய், குழந்தையாக நின்ற தன்னையே கண்டதாகச் சொல்கிறான். பின்னே போனதற்கு அவன் சொல்லும் வினை ரிகாயில். அதில் அச்சம் இல்லை, அருவருப்பு இல்லை, பீரங்கி இல்லை. பார்த்தபடியே பின்னே நடக்கிறான், அவ்வளவுதான். அந்தப் பொருள் ஆங்கிலத்தில் நிலைக்கவில்லை.